கிழவன் மேலும் கட்டினான், யூடியூப்காரன் மேலும் கட்டினான்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கு வந்த குடும்பம். என் தம்பிக்கு 31 வயசு. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். குடி, சிகரெட் கிடையாது. ஆனால் இந்தப் பிரபலங்களின் குத்துச்சண்டை என்று ஒன்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவான். 2024 நவம்பரில் மைக் டைசன் ஜெயிப்பார் என்று 800 வெள்ளி கட்டினான். எதிரில் நின்ற யூடியூப்காரன் ஜேக் பால் உதை வாங்க வேண்டும் என்று ஒட்டுக்கடையில் கத்திய கத்தலில் மறுநாள் தொண்டையே கட்டிப்போனது. தோற்றான். 2025 டிசம்பரில் அதே ஜேக் பால் ஆந்தனி ஜோஷுவாவோடு மோதியபோது, ஜேக் பால்தான் ஜெயிப்பான் என்று 1,500 வெள்ளி கட்டினான். ஒன்றுக்கு ஏழு என்று பந்தய ஏஜெண்ட் சொன்னானாம். பாதிப் பணம் இபிஎஃப் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் எடுத்தது, மீதி ஏஜெண்டே நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தது. 750 கொடுத்தவன் இப்போது 1,100 என்கிறான். சண்டை முடிந்ததும் எல்லாம் பேசி வைத்த நாடகம் என்று தம்பியே சொல்கிறான், அடுத்த சண்டை எப்போது என்றும் அவனே தேடுகிறான். பொருந்தாத ஜோடி என்று எனக்கே தெரியும்போது இத்தனை பேர் ஏன் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள், ஏன் பந்தயம் கட்டுகிறார்கள்? என்னிடம் கூட்டு (சீட்டு) எடுத்த பணம் இருக்கிறது. அதை வைத்து ஏஜெண்ட் கடனை அடைத்துவிடு என்று அம்மா சொல்கிறார். அடைத்துவிடவா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பணத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள், அம்மா எவ்வளவு கேட்டாலும் சரி. காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு விஷயம்தான் என் கண்ணில் பட்டது. ஜேக் பால் தோற்க வேண்டும் என்று தொண்டை கட்டக் கத்தியவன், ஒரு வருஷம் கழித்து அதே ஜேக் பால் ஜெயிப்பான் என்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பணம் கட்டியிருக்கிறான். டைசன் மேல் பாசம் என்று முதல் தடவையை விளக்கிவிடலாம். இரண்டாம் தடவை? பிடிக்காத ஆள் மேல் யாராவது பாசத்தில் பணம் கட்டுவார்களா? கடன் ஆலோசனைக்கு வருகிற பந்தயக்காரர்கள் பலரிடம் இதையேதான் பார்க்கிறேன், ஆள் மாறிக்கொண்டே இருப்பான், கட்டுகிற விதம் மட்டும் மாறாது. முதல் தடவை ஒரு பழைய பெயர் ஆசை காட்டியது, அடுத்த தடவை ஏழு என்ற எண் ஆசை காட்டியது. இரண்டு தடவையும் இது நடக்குமா என்று அவன் கேட்கவே இல்லை. நடந்தால் எப்படி இருக்கும் என்பதோடு நின்றுவிட்டான்.

பொருந்தாத சண்டையை விற்கிறவர்கள் விற்பது அந்த 'நடந்தால்' என்பதைத்தான்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பியோடு பேசும்போது இந்த விவரங்கள் உங்களுக்குத் தேவைப்படும். டைசன் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றது 1986 நவம்பர் 22. அப்போது அவருக்கு 20 வயசு, அந்தப் பிரிவிலேயே மிகச் சின்ன வயசுச் சாம்பியன். அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் கடைசியாக ஒரு தொழில்முறைச் சண்டையில் ஜெயித்தது 2003 பிப்ரவரியில். 2004-லும் தோல்வி, 2005 ஜூனில் கெவின் மெக்பிரைடு என்பவரிடம் ஆறு ரவுண்டு தாக்குப்பிடித்துவிட்டு, ஏழாவது ரவுண்டுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அதோடு ஓய்வு. அப்புறம் 19 வருஷம் கழித்துத்தான் 58 வயசில் 27 வயசுப் பையனோடு ஏறினார். இடையில் 2020-ல் ராய் ஜோன்ஸோடு ஒரு காட்சிச் சண்டை போட்டார், அது கணக்கில் சேராது. 1997 ஜூனில் டைசன் மேடையில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தாரே, அன்றைக்கு ஜேக் பாலுக்கு வயசு ஐந்து மாசம். இந்தச் சண்டை 2024 ஜூலையில் நடக்க வேண்டியது, வயிற்றுப் புண்ணால் டைசனுக்கு உடம்புக்கு முடியாமல் நவம்பருக்குத் தள்ளிப்போனது. ரவுண்டுக்கு மூன்று நிமிஷத்துக்குப் பதில் இரண்டு நிமிஷம், பத்து அவுன்ஸ் கையுறைக்குப் பதில் 14 அவுன்ஸ். இதெல்லாம் ஒளித்து வைத்த ரகசியம் இல்லை, சண்டைக்கு முன்பே அறிவித்ததுதான். ஒரு வயசான மனிதரைக் காப்பாற்ற இத்தனை ஏற்பாடு செய்கிறார்கள் என்றால் அவர் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே போதும். ஆனால் யார் யோசித்தார்கள்? அமெரிக்காவில் பந்தயம் சட்டப்படி நடக்கிற இடங்களிலேயே, சீட்டு எண்ணிக்கையில் டைசன் மேல் கட்டியவர்கள்தான் அதிகம் என்று பந்தய நிறுவனங்கள் சொல்லின.

சண்டைக்கு முன் சுற்றிய வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். தம்பியின் கைப்பேசியில் இன்னும் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். டைசன் பயிற்சியாளரின் கையில் இருக்கும் மெத்தையைக் குத்துகிறார், இடி மாதிரி சத்தம். எல்லாம் சில விநாடிதான். அந்த விநாடிகளுக்கு அப்புறம் அவர் எப்படி மூச்சு வாங்கினார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பது வீடியோவில் வராது, வெட்டியிருப்பார்கள். குத்தின் பலம் வயசானாலும் சீக்கிரம் போகாது, கால்தான் முதலில் போகும். எட்டு ரவுண்டு எதிராளியை விரட்டிப் பிடிக்கக் கால் வேண்டும். அந்தச் சண்டையில் அவர் மொத்தம் போட்ட குத்தில் பட்டது 18 என்று எண்ணிச் சொன்னார்கள். பதினாறு நிமிஷத்தில் 18. நடுவர்கள் 80-72, 79-73, 79-73 என்று மூன்று பேருமே பாலுக்குக் கொடுத்தார்கள். முந்தின நாள் எடை பார்க்கும்போது பால் அவர் காலை மிதித்ததும் டைசன் ஓங்கி ஒரு அறை விட்டாரே, அது நினைவிருக்கும். அந்த அறையைப் பார்த்துவிட்டுக் கட்டியவர்கள் உலகம் முழுக்க எத்தனை பேரோ. தம்பி எப்போது கட்டினான் என்று கேளுங்கள், அந்த அறைக்கு அப்புறம்தான் என்று சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

சரி, பொருந்தாத ஜோடி என்று தெரிந்தும் ஏன் இவ்வளவு கூட்டம்? பொருந்தாததால்தான் கூட்டம். அதே 2024-ல் மே மாசம் ரியாத்தில் உசிக், ஃபியூரி என்று இரண்டு பேர் மோதினார்கள். இருவரும் அதுவரை தொழில்முறையில் தோற்காதவர்கள், கால் நூற்றாண்டுக்கு அப்புறம் ஹெவிவெயிட் பட்டங்கள் அனைத்தும் ஒரே ஆள் கைக்கு வந்த சண்டை, முடிவு நடுவர்களே பிரிந்து நிற்கும் அளவுக்கு இழுபறி. குத்துச்சண்டை தெரிந்தவர்களுக்குத் தீபாவளி. உங்கள் ஊர் ஒட்டுக்கடையில் அதைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? மாட்டார்கள். ஏனென்றால் சமமான இருவர் மோதும்போது யார் ஜெயிப்பார் என்று சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டும், யாருடைய இடது கை நீளம், யார் பின்வாங்கி அடிப்பார் என்றெல்லாம். கிழவனும் யூடியூப்காரனும் மோதினால் ஒன்றுமே தெரிய வேண்டாம். உங்கள் அம்மாவுக்கும் ஒரு கருத்து இருக்கும், தே தாரிக் ஆற்றுகிற பையனுக்கும் ஒரு கருத்து இருக்கும். வயசானவர் அனுபவம் என்று ஒரு கட்சி, இளவட்டம் ஓடியே ஜெயிப்பான் என்று ஒரு கட்சி. எல்லாருமே நிபுணர் ஆகிவிடலாம். அந்தச் சண்டையை 6 கோடி வீடுகளில் நேரலையாகப் பார்த்தார்கள் என்று நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. அந்த 6 கோடியில் குத்துச்சண்டைக்காக வந்தவர் கொஞ்சம், வாக்குவாதத்துக்காக வந்தவர்தான் மிச்சம். நூறு வருஷத்துக்கு மேலாகக் குத்துச்சண்டையில் எடைப் பிரிவு வைத்து, ஆளுக்கு ஆள் ஒத்துப்போகிற மாதிரி ஜோடி சேர்த்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, 2021-ல் 155 பவுண்டு இருந்த முன்னாள் சாம்பியன் மேவெதரையும் 189 பவுண்டுக்கு மேல் இருந்த ஜேக் பாலின் அண்ணன் லோகன் பாலையும் ஏற்றினார்கள். அதில் நடுவர் மதிப்பெண்ணே கிடையாது, எட்டு ரவுண்டு முடிந்தது, ஜெயித்தவர் என்று யாரையும் அறிவிக்கவில்லை. அதற்கும், அந்த ஒரு சண்டையை மட்டும் வீட்டில் பார்க்கக் காசு கட்டும் சந்தா பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இது புதுசும் இல்லை. உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் கிங் காங், தாரா சிங் என்று சொல்வார்கள். 1950-களில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்த மல்யுத்தத்துக்குக் கூடிய கூட்டம் கொஞ்சநஞ்சமா? கிங் காங் எப்போது விழுவான் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்கினார்கள். முகமது அலி இதை இளம் வயசிலேயே ஒரு மல்யுத்த வீரரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். கார்ஜியஸ் ஜார்ஜ் என்று பெயர், சீப்பும் வாசனைத் திரவியமுமாக அலட்டிக்கொண்டு வருவார், அவர் அடிவாங்குவதைப் பார்க்கவே அரங்கு நிரம்பும். வாயாடினால் கூட்டம் வரும், திட்டுகிறவனும் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அலிக்குப் புரிந்துவிட்டது. ஜேக் பால் செய்வதும் இதுதான். 2024-ல் உங்கள் தம்பி அவனைத் திட்டிக் கத்தினானே, விற்கிறவன் கண்ணில் அப்படிப்பட்ட ஆள்தான் முதல்தரமான வாடிக்கையாளர்.

அலி நம்ம நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1975 ஜூலை 1-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னரோடு 15 ரவுண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையிலேயே வைத்தார்கள். அது முறையான பட்டப் போட்டி. அடுத்த வருஷம் ஜூனில் இதே அலி தோக்கியோவில் அன்டோனியோ இனோக்கி என்ற மல்யுத்த வீரரோடு ஏறினார். குத்துச்சண்டைக்காரனும் மல்யுத்தக்காரனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்ற வாக்குவாதம்தான் சரக்கு. நடந்தது என்னவென்றால், இனோக்கி 15 ரவுண்டும் பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார், அலி போட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், சமநிலை என்று முடித்தார்கள், கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் மேடையை நோக்கி வீசியது. அதோடு இந்த மாதிரிச் சண்டைகள் செத்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. 2017 ஆகஸ்டில் மேவெதர், மெக்கிரெகர் சண்டைக்கு அமெரிக்காவில் மட்டும் 43 லட்சம் சந்தா போனது, தெளிவான படத்துக்கு விலை கிட்டத்தட்ட 100 டாலர். மெக்கிரெகர் கூண்டுச் சண்டையில் பெரிய ஆள்தான், ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் அவருக்கு முதல் நாள். எதிரில் நின்றவர் 49 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காதவர்.

அந்தச் சண்டையின் பந்தய விலையைத்தான் உங்கள் தம்பிக்கு நீங்கள் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மெக்கிரெகர் ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்பது மடங்கு போலக் கொடுப்பதாக இருந்தார்கள். சண்டை நெருங்க நெருங்க அது நாலு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. இடையில் மெக்கிரெகர் என்ன, குத்துச்சண்டை கற்றுக் கரை கண்டுவிட்டாரா? ஒன்றுமில்லை. ரசிகர்கள் கட்டிக் கட்டியே விலையை இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அதாவது கடைசி வாரத்தில் மெக்கிரெகர் மேல் கட்டியவன் அதே நப்பாசைக்குப் பாதிக்கும் குறைவான பரிசுக்கு ஒத்துக்கொண்டான். பெரும் பணக்காரர்கள் மேவெதர் மேல் மொத்தமாகக் கட்டினார்கள், சின்னச் சின்னச் சீட்டுகள் மெக்கிரெகர் மேல் குவிந்தன. பத்தாவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தினார், மேவெதர் கணக்கு 50-0 ஆனது. வாய்ப்பு குறைந்தவன் மேல் ஜனங்கள் அளவுக்கு மீறிக் கட்டுவதைக் குதிரைப் பந்தயத்தில் 1949-லேயே ஓர் உளவியலாளர் கவனித்து எழுதிவிட்டார். சின்னப் பணம் போட்டுப் பெரிய பணம் எடுக்கும் ஆசை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இது நடக்கும். நாலு நம்பர் கடை வாசலிலும் இதுதான் நடக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.

ஏஜெண்டுக்கு இதில் யார் ஜெயித்தாலும் கவலை இல்லை. எப்படி என்று ஒரு உதாரணம். பலமான ஆளுக்கு 1.45, பலவீனமான ஆளுக்கு 2.70 என்று விலை வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஜெயித்தால் கட்டிய ஒரு வெள்ளிக்கு மொத்தமாகத் திரும்ப வருவது. பலமான ஆள் மேல் 69 வெள்ளி வருகிறது, பலவீனமான ஆள் மேல் 37 வெள்ளி வருகிறது. கையில் மொத்தம் 106. எவன் ஜெயித்தாலும் அவன் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 100. மிச்சம் ஆறு வெள்ளி, ஒரு வியர்வைத்துளி சிந்தாமல். இது நேர்மையான கணக்கு. ஒட்டுக்கடை ஏஜெண்ட் இவ்வளவு நேர்மையாக விலை வைப்பானா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். ஜேக் பாலுக்கு ஒன்றுக்கு ஏழு என்றானாம், சரி, ஜோஷுவாவுக்கு என்ன விலை சொன்னான்? தம்பி கேட்டிருக்கவே மாட்டான். இரண்டு பக்க விலையையும் கேட்டால்தான் இடையில் அவன் எவ்வளவு உருவுகிறான் என்று தெரியும்.

பேசி வைத்த நாடகம் என்கிறானே, அதற்கும் வருகிறேன். டைசன் சண்டையும் ஜோஷுவா சண்டையும் அந்தந்த மாநில அதிகாரிகளின் அனுமதியோடு, நடுவர்கள் வைத்து நடந்தவை. பேசி வைத்ததற்கு ஆதாரம் எதுவும் வெளியே வரவில்லை. டைசன் சோர்ந்துபோனதற்கு 58 வயசே போதுமான காரணம். அந்த ஜூனில் செத்துப் பிழைத்ததாகவும் எட்டு முறை ரத்தம் ஏற்றியதாகவும் சண்டைக்கு அப்புறம் அவரே எழுதினார். ஜோஷுவா சண்டையிலோ ஆறாவது ரவுண்டில் ஜேக் பால் தாடை இரண்டு இடத்தில் உடைந்து விழுந்தான். காசு வாங்கிக்கொண்டு யாராவது தாடையை உடைத்துக்கொள்வார்களா? ஜோஷுவா 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம், இரண்டு முறை உலகச் சாம்பியன். நடக்க வேண்டியதுதான் நடந்தது.

ஆனாலும் 'நாடகம்' என்று சொல்வது தம்பிக்குத் தேவைப்படுகிறது, அதைப் புரிந்துகொள்ளுங்கள். நாடகம் என்றால் அவன் தப்பாகக் கணிக்கவில்லை, ஏமாற்றப்பட்டான் என்று ஆகிவிடும். ஏமாற்றப்பட்டவன் அடுத்த தடவை கட்டலாம், தப்பாகக் கணித்தவன்தான் நிறுத்த வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2015-ல் மேவெதர், பக்கியாவோ சண்டை சப்பென்று முடிந்து, பக்கியாவோவுக்குத் தோளில் அடிபட்டிருந்தது பிறகு வெளியே வந்ததும், மறைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். 46 லட்சம் சந்தா விற்ற சண்டை அது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் தள்ளுபடி செய்தது, சண்டை பார்க்கக் காசு கொடுத்தீர்கள், சண்டை பார்த்தீர்கள் என்ற அளவில். அதனால் நாடகமா இல்லையா என்று தம்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்கவும் முடியாது, ஜெயித்தாலும் பிரயோஜனம் இல்லை. "சரிடா, நாடகம்தான். நாடகத்துக்கு ஏன்டா காசு கட்டினே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

பார்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். இதில் எனக்கும் ஆலோசனைக்கு வருகிற வீட்டுப் பெண்களுக்கும் அடிக்கடி கருத்து வேறுபாடு வரும், டிவியையே அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். லோரி ஓட்டுகிற பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரோடு உட்கார்ந்து கத்துவதில் சந்தோஷம் இருக்கிறது, அதன் செலவு ஒரு தே தாரிக். கேடு பந்தயத்தில்தான். அமெரிக்காவில் வெள்ளி, சனி இரவு நடப்பது நமக்கு மறுநாள் மத்தியானம் வரும், சம்பளம் வாங்கிய கை, வேலை இல்லாத நேரம், பக்கத்து மேசையில் நோட்டோடு ஏஜெண்ட். அடுத்த சண்டையை வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டாளிகளையும் கூப்பிடட்டும், நீங்கள் ஒரு மீ கோரெங் கிண்டிக் கொடுத்தாலும் தப்பில்லை. ஏஜெண்ட் உட்காராத இடமாக இருந்தால் போதும்.

பேசும்போது புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அவனுக்குத் தெரிந்த தொழிலிலிருந்து கேளுங்கள். 19 வருஷம் ஷெட்டில் நின்ற லோரியை ஒருத்தன் நல்ல பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால், அதில் குலை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவாயா? என்ஜினைத் திறந்து பார்க்காமல் சாவியை வாங்குவாயா? அப்புறம், டைசன் கடைசியாக எப்போது ஜெயித்தார் என்று கேளுங்கள். தெரியாது என்பான். 800 வெள்ளி கட்டும்போது அது தெரியாது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தால் போதும், மேலே பேசாதீர்கள், எழுந்து போய்விடுங்கள்.

இப்போது பணம். இபிஎஃப் மூன்றாவது கணக்கு 2024 மே 11-ல் வந்தது, சந்தாவில் பத்து சதவீதம் அதில் போகிறது, 50 வெள்ளி இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு நல்ல வசதி, பந்தயக்காரன் கைக்குத் திறந்த கதவு. அதில் இருப்பதை மற்ற இரண்டு கணக்குகளுக்கும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் திரும்ப இதற்குக் கொண்டுவர முடியாது. தம்பி சம்மதித்தால், ஒரு மனசாக இருக்கும் நாளில், உங்களோடு உட்கார்ந்து கைப்பேசியிலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். நீங்கள் அவன் கடவுச்சொல்லை வாங்கி மாற்றாதீர்கள், அது வேறு சண்டையில் கொண்டுபோய் விடும்.

ஏஜெண்ட் கடன்: 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 31-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதை வைத்து யாரும் நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. தம்பி ஜெயித்திருந்தாலும் இதே கதிதான் என்பதை அவனிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஏழு மடங்கு தருகிறேன் என்றவன் தராமல் போனால் கேட்க நாதி கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951-ஆம் வருஷத்து வட்டித்தொழில் சட்டப்படி குற்றம். லைசென்ஸ் உள்ளவர்களே அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 750 வெள்ளி சில மாசத்தில் 1,100 ஆனது எந்தக் கணக்கு? அதே சமயம் பொறுப்பான மனுஷனாக இதையும் சொல்ல வேண்டும், ஏஜெண்ட் நீதிமன்றத்துக்குப் போகிற ஆள் இல்லை, அவனிடம் சட்டம் பேசித் தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தம்பியே போகட்டும், வாங்கிய 750-ஐ மாசத் தவணையில் தருகிறேன், நோட்டை மூடு, இனி எனக்கு எழுதாதே என்று நேரில் சொல்லட்டும். எழுதிக்கொடுத்து ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்து வாங்கட்டும். மிரட்டல் என்று ஒரு வார்த்தை வந்தால், ஒரு மெசேஜ் வந்தாலும்கூட, அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்துவிடுங்கள்.

உங்கள் கூட்டுப் பணம் ஏன் கூடாது என்றால், நீங்கள் மொத்தமாக அடைத்தால் ஏஜெண்டுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்: இந்த வீட்டில் அடைக்க ஆள் இருக்கிறது. அடுத்த சண்டைக்கு 750-க்குப் பதில் 2,000 எழுதிக்கொடுப்பான். தம்பிக்கும் அதேதான் தெரியும். தவணை அவன் சம்பளத்திலிருந்து போகட்டும், மாசம் 150 என்றால் ஐந்து மாசம், அந்த ஐந்து மாசமும் அவனுக்கு நினைவிருக்கும். கிரெடிட் கார்டு, மோட்டார் தவணை என்று வங்கிக் கடனும் பாக்கி இருந்தால், பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ஈப்போவில் கிளை இருக்கிறது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஏஜெண்ட் கடனை அவர்கள் கையாள மாட்டார்கள், வங்கிக் கடனை மட்டும் ஒழுங்குபடுத்தித் தருவார்கள். அவன் தூக்கம் கெட்டு, வேலைக்குப் போகாமல், சண்டை இல்லாத நாளிலும் கைப்பேசியில் கட்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம், அப்போது அரசாங்க மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். கடிதத்தைப் பார்த்தால் இன்னும் அந்த அளவுக்குப் போனதாகத் தெரியவில்லை.

அம்மாவிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். அடைத்துவிடு என்று அவர் சொல்வது பயத்தில், ஏஜெண்ட் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவானோ, தாமானில் நாலு பேர் பார்ப்பார்களோ என்று. தவணைக் காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். மாசாமாசம் கையெழுத்து ஏறுவதைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும், கூட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்பதும் நின்றுவிடும்.